கிழித்துப் போட்ட மூன்று வாக்கியங்கள்

அக்கா, ஒரு சின்ன உதவி. புதுக்கோட்டை வந்ததும் நான் தூங்கிட்டு இருந்தேன்னா எழுப்பிடாதீங்க.

எல்லாரும் எழுப்பி விடுங்கன்னுதானே கேப்பாங்க, இவ என்ன இப்படிக் கேக்குறான்னு பாக்குறீங்க. ஆமா, டிக்கெட் புதுக்கோட்டைக்குத்தான் எடுத்திருக்கேன். கண்டக்டர் கேட்டப்ப வாய்ல அதுதான் வந்துச்சு. ஆனா இந்த பஸ்ஸு அறந்தாங்கி வரைக்கும் போகுதுல்ல. நீங்களும் அறந்தாங்கிதானே? நல்லதாப் போச்சு. நான் தூங்கவெல்லாம் மாட்டேன். ஒன்பது நாளாத் தூக்கம் எங்க வருது. சும்மா கண்ணை மூடிட்டு இருப்பேன். நீங்க கண்டுக்காதீங்க, அவ்வளவுதான்.

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காந்துக்கோங்க. இல்லக்கா, எனக்குக் காத்து வேணாம். வெளிய நிக்குறவங்களுக்கு முகம் தெரியும்.

ஐயோ, அப்படிப் பாக்காதீங்க. போலீஸ் தேடுற ஆள் இல்ல நான். டீச்சர். பேரு ரெஜினா, வீடு திருச்சி பொன்மலைல. ஆன்லைன்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குறேன். பெரியவங்களுக்கு மட்டும்தான். ஜவுளிக்கடைல நிக்குறவங்க, மருமக கூடப் பேசணும்னு வர்ற ரிட்டயர் ஆன சாருங்க, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போற பொம்பளைங்க. காலைல ஆறு மணிக்கு ஒரு பேட்ச், மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு பேட்ச். மத்தியானம் வர்றவங்க பாத்திரம் கழுவின ஈரக் கையோடயே வந்து போன் முன்னாடி உக்காருவாங்க. ஏழு வருஷமா நடத்துறேன். ஒருத்தர் ஒரு குறை சொன்னது கிடையாது. நீங்க யாரை வேணா கேட்டுப் பாருங்க.

போலீஸ் தேடலன்னு சொன்னேனா? தேடலதான். இதுவரைக்கும் தேடல.

உங்களுக்கு இங்கிலீஷ் வருமாக்கா? சிரிக்காதீங்க. வராதுன்னு சொல்றதுக்கு ஏன் இப்படிக் கூச்சப்படுறீங்க? இதுதான், இந்தக் கூச்சம்தான் நம்ம ஆளுங்களுக்கு வியாதி. தப்பாப் பேசிடுவோமோன்னு பயந்து வாயைத் திறக்கவே மாட்டாங்க. என்னைச் சின்ன வயசுல இதுவே எவ்வளவு பாடு படுத்தியிருக்கு தெரியுமா? ஒரு ஆபீஸ் இன்டர்வியூல மூணு பேர் உக்காந்து ஏதோ கேட்டாங்க. எனக்கு விளங்கல. “ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்”னு சொன்னேன். மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சாங்க. அவ்வளவுதான், நீங்க போலாம்னுட்டாங்க. அந்தச் சிரிப்பு இன்னைக்கும் காதுல இருக்கு. அன்னைக்கு முடிவு பண்ணேன், இந்த வார்த்தையே இனி யார் வாய்லயும் வரக் கூடாதுன்னு.

அதனால என் க்ளாஸ்ல முதல் நாள் ஒரு பழக்கம் வச்சிருக்கேன். எல்லாரும் ஒரு பேப்பர்ல மூணு வாக்கியம் எழுதணும். “நோ.” “ஐ டோன்ட் நோ.” “ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்.” எழுதி கேமராவுக்கு முன்னாடி காட்டணும். காட்டிட்டு, கிழிக்கணும். பத்துப் பதினஞ்சு பேரும் ஒரே நேரத்துல கிழிப்பாங்க பாருங்க, சரக்கு சரக்குன்னு சத்தம், கேக்கவே நல்லா இருக்கும். எல்லாரும் கை தட்டுவாங்க. சில பேர் அழுதுடுவாங்க. அதுக்கு அப்புறம் என் க்ளாஸ்ல அந்த மூணும் கிடையாது. யார் என்ன கேட்டாலும், முதல்ல முகத்துல ஒரு சிரிப்பு. அப்புறம் “யெஸ் மேடம், ஷ்யூர்.” இல்ல, “யெஸ் சார், டெஃபனெட்லி.” அதுக்கப்புறம் தெரிஞ்சதைப் பேசலாம். தயங்கி நின்னீங்கன்னா எதிர்ல இருக்கிறவன் உங்களை முடிச்சுட்டான்.

தப்பாக்கா இது? சொல்லுங்க. தன்னம்பிக்கைதானே குடுத்தேன். தன்னம்பிக்கை குடுக்குறது தப்பா?

அப்படி வந்தவதான் இளஞ்சியம். முப்பத்தி நாலு வயசு, புதுக்கோட்டை பக்கம் ஒரு கிராமம், ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. புருஷன் பேரு அடைக்கலம், கொத்தனார். வெளிநாட்டுல வயசானவங்களைப் பாத்துக்குற வேலைக்கு ஆள் எடுக்குறாங்கன்னு ஏஜென்ட்டு சொல்லியிருக்கான். வீடியோல இன்டர்வியூ, இங்கிலீஷ்லதான் பேசணும். மூணு மாசம் டைம். காலை பேட்ச்ல சேந்தா. அவங்க வீட்டுக்குள்ள சிக்னல் எடுக்காது. மொட்டை மாடிக்குப் போனா எடுக்கும், ஆனா போனைத் தூக்கிப் பிடிக்கணும். மூணு மாசமும் அடைக்கலம்தான் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. ஸ்டாண்டு வாங்கிக்கோங்கன்னா, “இருக்கட்டும் மிஸ், அரை மணிக்கு ஒருக்கா கை மாத்திக்குறேன்”னு பின்னாடி இருந்து குரல் வரும். எனக்கு அவரோட கட்டை விரல்தான் தெரியும். சிமென்ட் தின்ன விரலு. ஏழு மணிக்கு க்ளாஸ் முடிஞ்சதும் நேரா வேலைக்குப் போயிடுவாரு.

இளஞ்சியம் மண்டுன்னு சொல்ல மாட்டேன். மெதுவாப் பிடிப்பா. ஆனா நான் சொன்னதை அப்படியே செய்யுற பிள்ளை. சிரின்னா சிரிப்பா. நிமிந்து உக்காருன்னா ஒரு மணி நேரமும் நிமிந்தே உக்காந்திருப்பா. மத்தவங்க எல்லாம் கிழிச்ச பேப்பரைக் கீழ போட்டாங்க. இவ என்ன பண்ணா தெரியுமா? பொடிப் பொடியாக் கிழிச்சு மாட்டுத் தொட்டில கரைச்சுட்டேன் மிஸ்னா. அவ்வளவு நம்பிக்கை என் மேல.

இன்டர்வியூல பாஸ். ஏஜென்ட்டு கேட்டான்னு நானே ஒரு சர்டிபிகேட்டும் குடுத்தேன். இங்கிலீஷ்ல சொல்றதைப் புரிஞ்சுக்கிட்டு சரளமாப் பேசுவாங்க, வேலைக்குத் தகுதியானவங்கன்னு. எல்லாருக்கும் குடுக்குறதுதான் அது. கையெழுத்து போட்டேன். சீல் வச்சேன். என் சீல்.

இது எந்த ஊரு? மாத்தூரா? இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்ல? சரி. காலைல இருந்து ஒரு வாய் காபி உள்ள இறங்கல.

எந்த நாடுன்னு கேக்காதீங்கக்கா. வெளிய சொல்ல வேண்டாம்னு அவளோட வக்கீல் சொல்லியிருக்காரு. ஒரு நல்ல வீடு. படுத்த படுக்கையா ஒரு பெரியவரு. சுகர், தினமும் இன்சுலின் ஊசி. அவரோட மகள்தான் வீட்டுக்காரம்மா. அவங்க நல்லவங்கதான், அடிக்கல, திட்டல. ஊசி போடுறது எல்லாம் இவளுக்கு ஒரு மாசம் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. ஒரு நாள் அந்தம்மா ரெண்டு நாள் வேலையா வெளியூர் கிளம்பியிருக்காங்க. கிளம்பறதுக்கு முன்னாடி இவகிட்ட சொல்லியிருக்காங்க. அப்பா சாப்பிட்டா மட்டும் ஊசி போடு, சாப்பிடலைன்னா போடாத, எனக்கு போன் பண்ணு, புரிஞ்சுதான்னு.

இவ, “யெஸ் மேடம், ஷ்யூர்”னு சொல்லியிருக்கா.

அன்னைக்கு சாயங்காலம் அந்தப் பெரியவர் சாப்பிடல. இவ நேரத்துக்குச் சரியா ஊசி போட்டுட்டா. காலைல அவரு எழுந்திரிக்கல.

இருங்க, தண்ணி குடிச்சுக்குறேன்.

அது அவளோட தப்பான்னு எனக்குத் தெரியாதுக்கா. நான் டாக்டர் இல்ல. வயசு எண்பத்தாறாம். எப்படி இருந்தாலும் போயிருப்பாரோ என்னமோ. நான் பயப்படுறது அதுக்கு இல்ல. அதுக்கு அப்புறம் போலீஸ் வந்து அவளைப் பிடிச்சுட்டுப் போயிருக்கு. அவங்க இங்கிலீஷ்ல கேட்டிருக்காங்க. சர்டிபிகேட்டைப் பாத்திருக்காங்க, இங்கிலீஷ் நல்லா வரும்னு போட்டிருக்கு, அப்புறம் எதுக்கு ஆளு வச்சு தமிழ்ல கேக்கணும்? ஊசி போடாதன்னு மேடம் உன்கிட்ட சொன்னாங்களா? “யெஸ் சார்.” அது உனக்குப் புரிஞ்சுதா? “யெஸ் சார், ஷ்யூர்.” புரிஞ்சும் போட்டியா? “யெஸ் சார், டெஃபனெட்லி.”

முகத்துல சிரிப்போட சொல்லியிருக்கா. அதையும் எழுதியிருக்காங்களாம் அந்த ரிப்போர்ட்ல. கேள்வி கேட்டு முடியுற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே இருந்தா, வருத்தப்பட்ட மாதிரியே தெரியலன்னு.

ஒன்பது நாளைக்கு முன்னாடி அடைக்கலம் போன் பண்ணிச் சொன்னாரு. அன்னைல இருந்து போன் அடிச்சா தலகாணிக்கு அடில வச்சுடுறேன். வாசல்ல பைக் சத்தம் கேட்டா எந்திரிச்சு உள் ரூமுக்குப் போயிடுறேன். போன வாரம் தபால்காரர் கேட்டைத் தட்டினாரு, நான் பாத்ரூமுக்குள்ள நின்னுக்கிட்டு இருக்கேன். கேட்டுல மாட்டியிருந்த க்ளாஸ் போர்டைக் கழட்டி கட்டிலுக்கு அடில வச்சுட்டேன். பெயின்ட் உரிஞ்சிருச்சு, புதுசா எழுதணும்னு பக்கத்து வீட்டுல சொல்லி வச்சிருக்கேன். ரெண்டு பேட்ச்சுக்கும் காய்ச்சல்னு லீவு விட்டாச்சு. ஆனா ஒண்ணு, எனக்காக நான் பயப்படல. அந்தப் பிள்ளைக்காகத்தான். ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்களோட அம்மா.

வக்கீல் புதுக்கோட்டைல இருக்காரு. அங்க இருக்குற வக்கீலோட இவருதான் பேசிக்கிட்டு இருக்காரு. அவரு சொல்றாரு, தெரிஞ்சே செஞ்சதுக்கும் புரியாம செஞ்சதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசமாம். புரியாம செஞ்சான்னு ஆச்சுன்னா கொஞ்ச நாள்ல ஊருக்கு வந்துடலாமாம். தெரிஞ்சு செஞ்சான்னு ஆச்சுன்னா, பிள்ளைங்களுக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும் வர முடியாதாம். இப்படித்தான் சொல்லிக் குடுத்தோம், புரியலைன்னாலும் யெஸ் சொல்லச் சொன்னோம்னு டீச்சர் நேர்ல வந்து எழுதிக் குடுத்து, க்ளாஸ் வீடியோ ஏதாவது இருந்தா அதையும் குடுத்தா பெரிய உதவியா இருக்கும்னாரு. குரல்லயே ஒரு மரியாதை. என்னை மேடம்னுதான் சொன்னாரு.

நான் என்ன சொல்ல முடியும்? கண்டிப்பா வர்றேன் சார்னேன்.

ஆனா யோசிச்சுப் பாருங்கக்கா. அவளுக்குப் புரியாதுன்னு நான் எழுதிக் குடுத்தா, புரியும்னு நான் போட்ட கையெழுத்து என்ன ஆகுறது? பொய் சர்டிபிகேட்னு ஆயிடாதா? அந்த ஒண்ணு மட்டுமா, நூத்துக்கணக்குல குடுத்திருக்கேன். எத்தனை பேரு எந்தெந்த ஊர்ல யார் வீட்ல என்ன மாத்திரை குடுத்துக்கிட்டு நிக்கிறாங்களோ. ஒருத்தரு கேரளால ஏதோ கம்பெனில மிஷின் ஓட்டுறாரு. இன்னொரு பொண்ணு கைக்குழந்தையைப் பாத்துக்குறா. எல்லாரும் என் முன்னாடி கிழிச்சவங்கதான்.

இது கீரனூரு. ஏறுறவங்களைப் பாருங்க, இடமே இல்லாம எப்படி ஏறுறாங்கன்னு. கொஞ்சம் உள்ள தள்ளிக்குறேன்.

ஆனா இன்னைக்கு ஒரு நல்ல விஷயம் இருக்குக்கா. அதை நினைச்சுத்தான் காலைல பஸ்ஸே ஏறினேன். இன்னைக்கு அங்க முதல் தடவையா தமிழ் தெரிஞ்ச ஒரு ஆளை வச்சு அவகிட்ட கேக்குறாங்க. இங்கத்து நேரத்துக்குக் காலைலயே முடிஞ்சிருக்கும். தமிழ்ல கேட்டா அவ சொல்லிடுவால்ல? எனக்கு ஒண்ணும் விளங்கல சார், சும்மா யெஸ் யெஸ்னு சொல்லிட்டேன்னு. அவ்வளவுதான், விஷயம் முடிஞ்சு போச்சு. அப்புறம் நான் எதுக்கு? என் கடுதாசி எதுக்கு? அதான் புதுக்கோட்டைல இறங்காம இப்படியே போயிட்டு, அறந்தாங்கில ஒரு டீ குடிச்சுட்டு, வேற பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போயிடலாம்னு பாக்குறேன். வக்கீல் போன் பண்ணா வழில வண்டி ரிப்பேர்னு சொல்லிடலாம். தப்பு இல்லையே?

வீடியோவா? இருந்துச்சு. நான் எல்லா க்ளாஸையும் பதிவு பண்ணி வைப்பேன், போட்டுப் பாத்து பழகட்டும்னு. போன்ல இடம் பத்தலைன்னு போன வாரம் எல்லாத்தையும் அழிச்சுட்டேன்.

இடம் பத்தலைன்னு இல்ல. பயந்துட்டு அழிச்சேன். உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும், நீங்க யாரோ நான் யாரோ.

ஒண்ணு மட்டும் அழிக்கல. அழிக்கலாம்னு விரல் போச்சு, ஆனா அமுக்க வரல. இந்தாங்க, காதுல வச்சுக் கேளுங்க. ரெண்டு நிமிஷம்தான். சத்தம் கூட வைக்கிறேன்.

முதல்ல கேக்குறது அவ குரல். இன்டர்வியூக்கு முந்தின நாள் மத்தியானம், தனியா அவளை மட்டும் வச்சு கடைசி ஒத்திகை பாக்குறோம். அன்னைக்கு அடைக்கலம் வேலைக்குப் போயிட்டாரு, போனை ஏதோ செங்கல் மேல சாத்தி வச்சிருக்கா. நான் கேள்வி கேக்குறேன், அவ யெஸ் மேடம் யெஸ் மேடம்கிறா. திடீர்னு நிறுத்திட்டு தமிழ்ல கேக்குறா, கேட்டீங்களா? “மிஸ், நெசமாவே அவங்க சொல்றது புரியலைன்னா என்ன மிஸ் செய்யுறது?”

அடுத்தது என் குரல்.

“புரியலைன்னு மட்டும் வாயைத் திறந்து சொல்லிடாத இளஞ்சியம். சொன்ன, அன்னைக்கே உன்னை மூட்டை கட்டி அனுப்பிடுவாங்க. என்ன கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே யெஸ் சொல்லு. மத்ததைப் பாத்துக்கலாம்.”

அப்புறம் அவ கொஞ்ச நேரம் பேசல பாருங்க. அந்தக் காத்துச் சத்தம் மட்டும் கேக்குதுல்ல, அது அவ யோசிக்கிற நேரம். அப்புறம், “சரி மிஸ்.” அவ்வளவுதான். தமிழ்ல பேசிட்டோமே, க்ளாஸ்ல தமிழ் கூடாதுன்னு நானே சொல்லிட்டு நானே பேசிட்டேனேன்னு இதை மட்டும் அவளுக்கு அனுப்பாம வச்சிருந்தேன். அவ போன்ல இது இருக்காது. உலகத்துல என்கிட்ட மட்டும்தான் இருக்கு.

மத்ததைப் பாத்துக்கலாம்னேன். யார் பாத்துக்குறது? நானா அங்க போய்ப் பாத்துக்கப் போறேன்?

அப்படிப் பாக்காதீங்க, எனக்குப் பயமா இருக்கு.

போலீஸ்கிட்ட அவ சொன்ன யெஸ்ஸைப் பத்தியே நான் ஒன்பது நாளாப் பேசிக்கிட்டு இருக்கேன். அந்த வீட்டுக்காரம்மாகிட்ட சொன்ன யெஸ்ஸு? அதுதானே முதல்ல வந்தது. அதை அன்னைக்கு அவ சொல்லாம, மேடம் எனக்குப் புரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தம்மா கையைக் காட்டி, சைகை காட்டி, எப்படியாவது சொல்லிட்டுப் போயிருப்பாங்கல்ல? அந்தப் பெரியவரு இன்னைக்கு... வேண்டாம். இதை வக்கீல் கேக்கல. யாரும் கேக்கல. கேக்காத வரைக்கும் நல்லது.

ஐயோ, போன். அடைக்கலம்தான். எடுக்கட்டுமா? எடுக்கலைன்னா அடிச்சுக்கிட்டே இருப்பாரு.

ஹலோ. சொல்லுங்க அடைக்கலம். ம்... ஆங், பஸ்லதான் இருக்கேன். நார்த்தாமலை தாண்டிட்டோம். ஆங். கேட்டாங்களா? தமிழ்லயா கேட்டாங்க? என்ன சொன்னா? ம். என்ன? திரும்பச் சொல்லுங்க. ஏன் அப்படிச் சொன்னா? ம்... ம். சரி. இல்ல, வச்சிடுங்க. வர்றேன். வச்சிடுங்க.

அக்கா.

தமிழ்ல கேட்டிருக்காங்க. அந்த ஆளு தமிழ்லயே கேட்டிருக்காரு, ஏம்மா, அன்னைக்கு போலீஸ் கேட்டது உனக்கு விளங்குச்சா, பயப்படாம சொல்லுன்னு. விளங்குச்சுன்னு சொல்லியிருக்கா. எனக்கு இங்கிலீஷ் நல்லாத் தெரியும், எங்க மிஸ் நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க, சர்டிபிகேட் இருக்குன்னு சொல்லியிருக்கா. தமிழ்ல, அக்கா. தமிழ்ல கேட்டும் அதையே சொல்லியிருக்கா. புரியலன்னு சொன்னா அன்னைக்கே மூட்டை கட்டிடுவாங்கன்னு நான் சொன்னதை இன்னும் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. ஜெயில்ல உக்காந்துக்கிட்டு வேலை போயிடும்னு பயப்படுறா. சிரிச்சாளான்னு நான் கேக்கல. கேக்க தைரியம் வரல.

இப்ப அவ சொன்னதே அவளுக்கு எதிரா ஆச்சு. வக்கீல் தலைல கை வச்சுட்டாராம். அடைக்கலத்துக்கு ஒண்ணும் புரியல, “ஏன் மிஸ் இப்படிச் சொல்றா, நீங்க வந்து பேசினா சரியாயிடும்ல மிஸ்”ங்குறாரு. பஸ் ஸ்டாண்டுல காலை எட்டு மணில இருந்து நிக்கிறாராம். எனக்கு இடம் தெரியாதுன்னு கூட்டிட்டுப் போக வந்திருக்காரு.

ஊரு வந்துருச்சு. இந்த பஸ்ஸு உள்ள எவ்வளவு நேரம் நிக்கும்? அஞ்சு நிமிஷமா? நீங்க இப்படி நிமிந்து உக்காருங்க, என்னை மறைச்சுக்கோங்க.

அதோ. அந்தப் பழக்கடை பக்கத்துல, வெள்ளைச் சட்டை. முகம் பாத்ததில்ல, ஆனா அவருதான். ஒவ்வொரு பஸ்ஸா எட்டிப் பாக்குறாரு பாருங்க. சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுட்டு வந்திருக்காரு, கல்யாண வீட்டுக்கு வர்ற மாதிரி. என்னைப் பாக்கத்தான் அக்கா. டீச்சர் வர்றாங்கன்னு.

என்னால இறங்க முடியாது. சத்தியமா முடியாது. இறங்கினா வக்கீல் முன்னாடி உக்காந்து, இது என் குரல், இது நான் சொன்னதுன்னு சொல்லணும். கையெழுத்து போடணும். நாளைக்கு எவனாவது வீட்டுக்கு வந்து நிப்பான். என்னால ஆகாது.

ஆனா இதை வச்சுக்கிட்டும் போக முடியாது. அறந்தாங்கி போறதுக்குள்ள அழிச்சுடுவேன். எனக்கு என்னைத் தெரியும். ஒரு அமுக்கு அமுக்கினா போச்சு.

அக்கா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். இந்த போனை நீங்க குடுத்துடுங்க. ஜன்னல் வழியா. லாக்கை எடுத்துட்டேன், இந்த முக்கோணத்தைத் தொட்டாப் பேசும். அடைக்கலம்னு கூப்பிடுங்க, கிட்ட வருவாரு. டீச்சர் குடுத்து விட்டாங்க, காதுல வச்சுக் கேளுங்கன்னு மட்டும் சொல்லுங்க. போன் போனாப் போகட்டும். வக்கீலுக்கு வேண்டியது அதுல இருக்கு. நான் எதுக்கு? நான் வேற தனியா எதுக்கு? கூப்பிடுங்கக்கா. நான் குனிஞ்சுக்குறேன்.

குடுத்துட்டீங்களா? வாங்கிட்டாரா? பாக்குறாரா இங்க?

மெதுவாச் சொல்லுங்க. காதுல வச்சிருக்காரா. சரி. அவருக்கு இங்கிலீஷ் வராது. ஆனா அதுல தமிழ்லதான சொல்லியிருக்கேன். ஒரு வார்த்தை விடாமப் புரியும்.

என்ன பண்றாரு இப்ப? நானே பாக்குறேன், கொஞ்சம் தள்ளிக்கோங்க. இன்னும் காதுலயே வச்சிருக்காரு. ரெண்டு நிமிஷம் எப்பவோ முடிஞ்சிருக்குமே. மறுபடியும் போட்டுக் கேக்குறாரா? கண்ணைத் துடைக்கிறாரு. பொண்டாட்டி குரலைக் கேட்டு எத்தனை நாள் ஆச்சோ. அவளை அங்க தள்ளினவ நான்தான்னு இப்ப தெரிஞ்சிருக்கும். தெரியட்டும். பஸ்ஸு ஏன் இன்னும் எடுக்க மாட்டேங்குறாங்க?

விசில் குடுத்துட்டாங்க. அப்பாடா. நகருது.

அக்கா, அவரு ஓடி வர்றாரு. நம்ம பஸ்ஸுக்குப் பின்னாடிதான் ஓடி வர்றாரு. திட்ட வர்றாரா? கல்லு கில்லு எடுத்திருக்காரா? இல்ல. போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடி வர்றாரு. என்ன சொல்றாரு, கேக்குதா உங்களுக்கு?

“மிஸ்ஸோட போனு, மிஸ் போனை விட்டுட்டுப் போறாங்க, நிறுத்துங்க”ங்குறாரு.

ரெண்டு தடவை கேட்டுட்டும் மிஸ்ஸுங்குறாரு. என் போனைத் திருப்பிக் குடுக்க ஓடி வர்றாரு அக்கா, செருப்பு கூட ஒண்ணு கழண்டு போச்சு.

வழி விடுங்க. அந்தப் பையைக் கொஞ்சம் எடுங்க. கண்டக்டர்! கண்டக்டர் சார், நிறுத்துங்க. புதுக்கோட்டை ஒரு ஆள் இறங்கணும்.